அறிவுப்பல் அறுவையும் ஆற்றும் ஒளியும்

மாந்தரின் வாயில் இறுதியாக முளைப்பது மூன்றாம் கடைவாய்ப்பல். ஏனைய நிலைப்பற்கள் ஏறத்தாழ 13 அகவைக்குள் முளைத்து முடிந்துவிட, அறிவுப்பல் என்று பெயர்பெற்ற இது மட்டும் 17 முதல் 25 அகவைக்குள் காலம் தாழ்த்தி வருகிறது. அதற்குள் தாடையில் இடம் நிரம்பிவிடுகிறது. இடம் காணாத பல், முன்னுள்ள பல்லின்மேல் சாய்ந்து நிற்கும், எலும்புக்குள்ளேயே படுத்துவிடும், அல்லது ஈறைப் பாதி கிழித்துத் தலையை மட்டும் நீட்டும். பாதி மூடிய ஈறின் மடிப்பில் உணவுத் துணுக்குகள் தங்கிச் சீழ் பிடிக்கும். பக்கத்துப் பல்லும் சொத்தையாகும். கல்லூரி மாணவரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் மருத்துவரைத் தேடி வருவதற்கு இப்பல் ஒரு பெருங்காரணம்.

கொங்கு நாட்டில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கோவையில் ஸ்ரீராமகிருஷ்ணா, ஆர்.வி.எஸ். கல்லூரிகளும், குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நடராஜா கல்லூரியும், திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர்., விவேகானந்தா கல்லூரிகளும், சேலத்தில் விநாயகா மிஷன் கல்லூரியும் இயங்குகின்றன. இவற்றுக்கு அப்பால், தனியார் பல் மருத்துவமனைகள் பெருஞ்சாலைதோறும் உள்ளன. அவற்றின் பெயர்ப்பலகைகளில் 'லேசர்' என்னும் சொல் இன்று புதுமையன்று. பல்லை அறுத்தெடுத்த பின் லேசர் ஒளி காட்டினால் வலி தணியும், வீக்கம் வடியும், வாய் விரைவில் திறக்கும் என்று நோயரிடம் சொல்லப்படுகிறது. இக்கூற்றில் எவ்வளவு மெய், எவ்வளவு மிகை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறுவைக்குப் பின் நேர்வது

புதைந்த பல்லை எடுப்பது, ஆடும் பல்லைப் பிடுங்குவது போன்ற எளிய செயலன்று. மரத்துப்போகும் ஊசி போட்டபின் மருத்துவர் ஈறைக் கீறி மடலாக விலக்குகிறார். பல்லை மூடியிருக்கும் எலும்பை, உப்புநீர் பாய்ச்சிக் குளிரவைத்தபடியே சுழல்கருவியால் சிறிது சிறிதாகக் குடைகிறார். தேவைப்பட்டால் பல்லை இரண்டு மூன்று துண்டுகளாகப் பிளந்து நெம்பியெடுக்கிறார். குழியைக் கழுவி, மடலை மீண்டும் பொருத்தித் தையலிடுகிறார். கீழ்த்தாடை எலும்பினுள் ஓடும் நரம்பு, உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வளிப்பது; நாக்கு நரம்போ உள்பக்கம் ஈறை ஒட்டியே செல்வது. இவ்விரண்டையும் ஊறுபடுத்தாமல் வேலையை முடிப்பதில்தான் மருத்துவரின் கைத்திறன் விளங்குகிறது.

இதன் பின் உடல் தன் வேலையைத் தொடங்குகிறது. அறுபட்ட இழைமங்களிலிருந்து புரோஸ்டாகிளாண்டின், பிராடிகைனின் முதலிய வேதிப்பொருள்கள் கசிகின்றன. அவை நரம்பு முனைகளைக் கூராக்கி வலியை மிகுவிக்கின்றன. நுண்குருதிக் குழாய்களை நெகிழ்த்தி நீரைக் கசியவிடுகின்றன. மரப்பு நீங்கிய பின் அன்று மாலையோ இரவோ வலி உச்சம் காணும். வீக்கமோ உடனே உச்சத்தை எட்டாது. இரண்டாம் மூன்றாம் நாள்களில்தான் கன்னம் நன்றாக உப்பும். மெல்லும் தசை இறுகுவதால் வாய் திறக்க மறுக்கும். நலமுள்ளவர் வாயைத் திறந்தால் மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே 40 முதல் 50 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அறுவைக்கு மறுநாள் அது பாதியாகவும் குறையலாம். பெரும்பாலோர்க்கு ஒரு கிழமையில் இவையெல்லாம் அடங்கிவிடும்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். இத்துன்பங்கள் தாமே தணியும் இயல்புடையவை. ஆகவே எதைக் கொடுத்தாலும் ஏழாம் நாள் நோயர் 'தேவலைங்க' என்றுதான் சொல்வார். ஒரு பண்டுவம் உண்மையில் உதவிற்றா என்று அறிய வேண்டுமானால், அது இல்லாமலே தேறியவரோடு ஒப்பிட்டாக வேண்டும்.

வெட்டும் ஒளியும் வெட்டாத ஒளியும்

ஒளியை மருந்தாக்கும் முயற்சி லேசருக்கு முற்பட்டது. தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்திய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரே அலைநீளத்தில், ஒரே சீராக, ஒரே திசையில் செல்லும் ஒளியை உண்டாக்குவதற்கான கோட்பாட்டு வித்தை 1917-இல் ஐன்ஸ்டைன் இட்டார். 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதன் ஒளி 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளி.

1964-இல், மராட்டியத்தின் பாராமதியில் பிறந்த சந்திர குமார் பட்டேல், பெல் ஆய்வகத்தில் கரியமில வளி லேசரை உருவாக்கினார். இழைமங்களிலுள்ள நீர் இவ்வொளியை உடனே உறிஞ்சி ஆவியாகிவிடுவதால், அது கத்தியாகப் பயன்பட்டது. ஈறை வெட்டவும் குருதியை உறைய வைக்கவும் இன்று பல் மருத்துவர் கையாளும் லேசர்கள் இந்தச் சூட்டு வழியைச் சேர்ந்தவை. நாம் பேசும் பண்டுவம் இதற்கு நேர்மாறானது. அது சுடுவதில்லை, வெட்டுவதில்லை.

அதன் கதை புடாபெஸ்ட்டில் தொடங்கியது. பாஸ்டனில் பால் மெக்கஃப் என்பவர் மாணிக்க லேசரால் வெள்ளெலிகளின் புற்றுக்கட்டிகளை அழித்துக் காட்டியிருந்தார். அங்கேரிய அறுவை மருத்துவர் எண்ட்ரெ மெஸ்டர் அதே ஆய்வை எலிகளில் செய்து பார்க்க முனைந்தார். அவரிடமிருந்த கருவி ஆற்றல் குறைந்தது, கட்டிகள் அழியவில்லை. ஆனால் ஒளி பட்ட எலிகளுக்கு மழித்த இடத்தில் மயிர் விரைந்து வளர்ந்தது. 1967-இல் வெளியான இக்கண்டறிவைத் தொடர்ந்து, ஆறாத புண்களுக்கு மெல்லிய லேசர் ஒளியைக் காட்டும் முறையை அவர் வகுத்தார். பல்லாண்டுகள் 'குறையாற்றல் லேசர் பண்டுவம்' எனப்பட்ட இம்முறையை, லேசரல்லாத ஒளியுமிழ் இருமுனையங்களும் (எல்.இ.டி.) செய்யக்கூடும் என்பதால், ஒளியால் உயிர்ச்செயலைச் சீர்செய்தல் என்னும் பொருளுடைய பெயரால் அறிவியலார் இப்போது வழங்குகின்றனர்.

உயிரணுவுக்குள் ஒளி செய்வது

இருட்டறையில் கைவிளக்கின் வாயை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்கள் செக்கச் சிவந்து தெரியும். நீல, பச்சை நிறங்களைக் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் விழுங்கிவிட, செவ்வொளி மட்டும் தசையைக் கடந்து வருகிறது. செந்நிறத்துக்கு அப்பாலுள்ள அகச்சிவப்பிலும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் இழைம நீர் ஒளியை உறிஞ்சிவிடும். எனவே ஏறத்தாழ 600 முதல் 1000 நானோமீட்டர் வரையுள்ள பகுதியே உடலுக்குள் ஒளி புகத்தக்க சாளரம். பல் மருத்துவர் கையாளும் 660, 810, 940 நானோமீட்டர் கருவிகள் இச்சாளரத்துள் அமைந்தவை.

புகுந்த ஒளியை எது வாங்கிக்கொள்கிறது? உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றலை ஆக்கும் உறுப்பு இழைமணி. அதன் உட்சவ்வில், நாம் மூச்சில் இழுக்கும் உயிர்வளியை இறுதியாகப் பயன்படுத்தும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி உள்ளது. செம்பும் இரும்பும் கொண்ட இந்நொதி செவ்வொளியையும் அகச்சிவப்பையும் உறிஞ்சவல்லது. உருசிய ஆய்வாளர் தீனா காரு இதனையே ஒளி வாங்கியாக முன்மொழிந்தார். காயமுற்ற உயிரணுவில் இந்நொதியோடு நைட்ரிக் ஆக்சைடு ஒட்டிக்கொண்டு வேலையைத் தடுக்கிறது என்றும், ஒளி அதை விடுவிக்க, ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளின் ஆக்கம் மீண்டும் பெருகுகிறது என்றும் கருதுகின்றனர். அழற்சி தணிவதும், புண்ணை மூடும் நாரணுக்கள் பெருகுவதும் இதன் தொடர்விளைவுகள் என்பது கோட்பாடு. உயிரணுச் சவ்விலுள்ள அயனி வாயில்களே முதற்படி என்பாரும் உளர். விளைவு ஆய்வகத்தில் பலமுறை காணப்பட்டது. வழி இன்னும் வழக்காடப்படுகிறது.

அளவே மருந்து

இப்பண்டுவத்தின் உயிர்நிலை அளவில் இருக்கிறது. ஒளி குறைந்தால் பயன் இல்லை. உரிய அளவு தூண்டும். அளவு மிஞ்சினால் தூண்டலுக்குப் பதிலாகத் தடையே விளையும். கிணற்றின் ஆழம் கேளாமல் மோட்டாருக்குக் குதிரைத்திறன் சொல்லும் கடைக்காரரைக் கோவையில் எந்த உழவரும் நம்பமாட்டார். ஒளிக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

கணக்கு எளிது. 100 மில்லிவாட் ஒளியை 40 நொடி காட்டினால் கிடைப்பது 4 ஜூல். அது 1 சதுர சென்டிமீட்டர் பரப்பில் விழுந்தால் அப்பரப்புக்கு 4 ஜூல். அரைச் சதுர சென்டிமீட்டரில் குவிந்தால், அதே ஆற்றல் சதுர சென்டிமீட்டருக்கு 8 ஜூலாகிவிடும். 400 மில்லிவாட்டை 10 நொடி காட்டினாலும் கணக்கில் 4 ஜூல்தான். ஆயினும் உயிரணு இரண்டையும் ஒன்றாகவே ஏற்கும் என்று உறுதி கூற முடியாது. ஆகவே 'லேசர் வைத்தோம்' என்று மட்டும் சொல்வது, 'மாத்திரை கொடுத்தோம்' என்று சொல்வதற்கு மேல் ஒன்றையும் தெரிவிக்காது.

நம்மவர்க்கென ஒரு தனிச் சிக்கலும் உண்டு. தோலின் கருநிறமியாகிய மெலனின் ஒளியை உறிஞ்சும்; அலைநீளம் குறையக் குறைய உறிஞ்சலும் மிகும். வெள்ளைத் தோலில் அளந்து வகுத்த அளவைக் கன்னத்தின் வெளிப்புறமாக நம் தோலில் அப்படியே காட்டினால், மெல்லும் தசையைச் சென்றடைவது குறைவாகவே இருக்கும். நம்மில் பலர்க்கு ஈறிலும் கருமை படர்ந்திருப்பதைப் பல் மருத்துவர் அறிவர். இங்கே ஆராய்ந்து இங்கே அளவு காண வேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.

பண்டுவம் நிகழும் முறை

நோயர் இருக்கையில் சாய்ந்திருக்கிறார். மருத்துவர், உதவியாளர், நோயர் மூவரும் அந்த அலைநீளத்துக்கென அமைந்த காப்புக்கண்ணாடி அணிகின்றனர். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் விழித்திரையைச் சென்றடைந்து ஊறு செய்யும். கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்பது தவறு. 'சுடுமுங்களா டாக்டர்?' என்பது பலரும் கேட்கும் முதற்கேள்வி. 'சுடாதுங்க, தொட்டது மட்டுந்தான் தெரியும்' என்பது விடை.

மருத்துவர் முதலில் அளவுகோலை முன்பற்களுக்கிடையே வைத்து வாய்த்திறப்பைக் குறிக்கிறார். காது மடலிலிருந்து வாய்க்கோடி வரையும், கண்ணின் வெளிக்கோடியிலிருந்து தாடைக்கோணம் வரையும் நாடாவால் கன்னத்தை அளக்கிறார். பின்னர் ஒளிக்கோலின் முனையைக் குழியின் உள்புறம், வெளிப்புறம், மேற்புறம் என வைத்து ஒவ்வோரிடத்திலும் சில நொடிகள் காட்டுகிறார். அடுத்து வெளியே, பல்லைக் கடித்தால் கன்னத்தில் திரளும் மெல்லும் தசையின்மேல் வைக்கிறார். சில நிமிடங்களில் வேலை முடிகிறது. சில முறைகளில் அறுவை நாளன்று ஒரே தடவை; வேறு சிலவற்றில் அடுத்தடுத்த நாள்களிலும் தொடர்ந்து காட்டுவர்.

சான்றுகள் சொல்வது

இத்துறை ஆய்வுக்கு அறிவுப்பல் நல்வாய்ப்பான களம். ஒரே ஆளுக்கு இடமும் வலமும் பற்கள் ஒத்தபடி புதைந்திருப்பதுண்டு. ஒரு பக்கத்தை எடுத்தபின் மெய்யொளி. சில வாரங்கள் கழித்து மறுபக்கத்தை எடுத்தபின், கருவியை அணைத்து வைத்தே காட்டும் போலியொளி. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாததாலும் சூடு தோன்றாததாலும் எது மெய் என்று நோயர் அறியார். இவ்வாறு பல நாடுகளில் செய்த ஆய்வுகளைத் திரட்டி 2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வலியிலும் வீக்கத்திலும் தெளிவான பயன் இல்லை, வாய்த்திறப்பில் மட்டும் ஓரளவு பயன் உண்டு என்று முடிவு கூறியது. பின்வந்த தொகுப்பாய்வுகளுள் சில, முதற்சில நாள்களில் வலியும் வீக்கமும்கூடக் குறைவதாகக் காட்டின. ஆனால் ஆய்வுகள் சிறியவை. அலைநீளம், ஆற்றல், நேரம், தடவை எல்லாம் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டவை. பயன் இருப்பினும் அது சிறிது, உறுதி குறைந்தது என்பதே இன்றைய நிலை. அறுவையில் ஊறுபட்ட நரம்பின் உணர்வு மீள இவ்வொளி உதவலாம் எனச் சிறு ஆய்வுகள் சில குறிப்பிடுகின்றன. அதனை நிலைநாட்டப் பெரிய ஆய்வுகள் வேண்டும்.

இதனோடு பழைய மருந்துகளை ஒப்பிடுக. அறிவுப்பல் அறுவைக்குப் பிந்திய வலிக்கு 400 மில்லிகிராம் இபுபுரோஃபென், 1000 மில்லிகிராம் பாரசிட்டமாலைவிடச் சிறந்தது என்று காக்ரேன் அமைப்பின் 2013 ஆய்வு தெளிவாகக் காட்டியது. வீக்கத்துக்கும் வாய்ப்பூட்டுக்கும் டெக்சாமெதசோன் உதவுவது நன்கறியப்பட்டது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் இம்மருந்துகளை விஞ்சும் சான்று ஒளிக்கு இன்னும் இல்லை.

மாறாக, ஒளி வென்ற களம் ஒன்று வாயிலேயே உண்டு. தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிரியக்கமும் மருந்தும் பெறுவோரின் வாய் முழுதும் புண்ணாகி, நீரும் விழுங்க முடியாத நிலை வரும். மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவமனையில் 221 நோயரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு, 632.8 நானோமீட்டர் ஹீலியம்–நியான் லேசரால் கடும் புண்கள் வெகுவாகக் குறைவதைக் காட்டியது. இத்தகைய ஆய்வுகளின் வலிமையால், அந்நோயர்க்கு இப்பண்டுவத்தை உலகளாவிய புற்றுநோய்த் துணைமருத்துவ வழிகாட்டிகள் இன்று பரிந்துரைக்கின்றன. ஒரே அளவு, போதிய நோயர், நேர்மையான ஒப்பீடு ஆகிய மூன்றும் அமைந்தால் ஒளி தன் தகுதியைத் தானே நிறுவிக்கொள்ளும் என்பதற்கு மணிப்பால் சான்று.

கொங்கு நோயரின் கணக்கு

வால்பாறையிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ கோவைக்கு வந்து பல்லெடுத்துச் செல்பவரை நான்கு நாள் தொடர்ந்து ஒளி காட்ட வரச்சொன்னால், பேருந்துச் செலவும் கூலி இழப்பும் அவர் தலையில் விழும். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளிக்கு 'பீஸ் ரேட்' கணக்கில் நாள் ஒன்று போனால் காசு போயிற்று. வீங்கிய கன்னத்தோடு அலைவதும் ஓய்வுக்குக் கேடு. ஒரு தடவைப் பண்டுவமாயின் அறுவை நாளன்றே முடியும். அதற்கு மேற்பட்டதை, பயன் அறிந்தே ஏற்க வேண்டும்.

எனினும் ஒளி கருதத்தக்க நோயரும் உளர். வயிற்றுப்புண், சிறுநீரகக் குறை உடையோர்க்கு இபுபுரோஃபென் ஆகாது. நீரிழிவு உடையோர்க்கு டெக்சாமெதசோன் சருக்கரையை ஏற்றும். இவர்க்கு மருந்தைக் குறைக்கும் துணையாக ஒளியை மருத்துவர் எண்ணிப் பார்க்கலாம். வெற்றிலை புகையிலை போடுவோர் வாயில் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ தடிப்போ இருந்தால், அது புற்றன்று என உறுதிசெய்யாமல் அவ்விடத்தில் ஒளி காட்டலாகாது.

எந்த ஒளியும் ஈடுசெய்யாத கடமைகள் நோயர்க்கு உண்டு. பஞ்சை அரைமணி நேரம் கடித்திருத்தல், முதல் நாள் கன்னத்தில் பனிக்கட்டி ஒத்தடம், கொப்பளிக்காதிருத்தல், துப்பாதிருத்தல். நம் வீடுகளில் பாட்டிமார் வறுத்துத் தரும் உப்பு ஒத்தடம் முதல் நாள் கூடவே கூடாது; சூடு குருதிப்போக்கையும் வீக்கத்தையும் மிகுவிக்கும். ஆறிய ராகிக்கூழும் கம்மங்கூழும் மோர்சாதமும் நல்லுணவு. பொள்ளாச்சி இளநீரும் நன்றே. ஆனால் குழல் போட்டு உறிஞ்சாமல் தம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். உறிஞ்சும் இழுப்பிலும் பீடிப் புகையிலும் குழியைக் காக்கும் குருதிக்கட்டி கழன்றால், மூன்றாம் நாளுக்கு மேல் காதுவரை தெறிக்கும் 'வறண்ட குழி' வலி வரும். அதற்குக் குழியைக் கழுவிக் கிராம்பெண்ணெய் கலந்த மருந்து வைப்பது வழக்கம்.

இவற்றுக்கெல்லாம் முன்னே கேட்க வேண்டிய கேள்வி, பல்லை எடுக்கத்தான் வேண்டுமா என்பது. நோயேதும் இல்லாத புதைபல்லை முன்னெச்சரிக்கையாக எடுத்தல் வேண்டா என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே நெறி வகுத்தது. எடுக்காத பல்லுக்கு ஆற்றும் ஒளியும் தேவையில்லை.

கொங்கின் பல் மருத்துவக் கல்லூரிகளில் நோயர் உளர், கருவி உண்டு, ஆய்வு செய்ய முதுநிலை மாணவரும் உளர். அவை தனித்தனியே சிறு ஆய்வுகள் நடத்துவதை விட்டு, ஒரே அலைநீளம், ஒரே அளவு, ஒரே ஒப்பீட்டு முறையில் கூட்டாகச் சில நூறு நோயரிடம் ஆராய்ந்தால், நம் மக்களின் தோலுக்கும் ஈறுக்கும் உரிய விடை சில ஆண்டுகளில் கிடைத்துவிடும். அதுவரை படிப்போர்க்குச் சொல்லத்தக்கது இது. லேசர் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் மறுக்கவும் வேண்டா, மயங்கவும் வேண்டா. என்ன அலைநீளம், எவ்வளவு ஆற்றல், எத்தனை தடவை, இதற்கு மட்டும் எவ்வளவு கட்டணம் என்று கேளுங்கள். தெளிவான விடை வந்தால் துணைப்பண்டுவமாக ஏற்கலாம். விடை வராவிட்டால், எழுதித் தந்த மாத்திரையும் பனிக்கட்டியும் ஓய்வுமே போதும். பெரும்பாலோர் அவற்றாலேயே தேறுகின்றனர்.